சைரனும் ரைட்டர் மேஜையும்

திருடனாக வாழ்வதற்கென்றே சிருஷ்டிக்கப்பட்ட ஓர் உலகத்துக்குள் புகுந்து, சம்பளமும் இல்லாமல் கட்டாயமும் இல்லாமல், நான் போலீஸ்காரனாகத்தான் இருப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கிற ஒரு கூட்டம், ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளாக உலகமெங்கும் இயங்கி வருகிறது. ஜி.டி.ஏ. என்று நம் வீட்டுப் பிள்ளைகள் சுருக்கமாகச் சொல்லும் கம்ப்யூட்டர் விளையாட்டின் அபிமானிகளில் ஒரு பிரிவினர் இவர்கள். அந்த விளையாட்டை அறியாத வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை: ஒரு நகரம் முழுவதும் ஆடுகிறவன் முன் திறந்து கிடக்கிறது; அதில் அவன் காரைத் திருடலாம், கடையைக் கொள்ளையடிக்கலாம், சும்மா கடற்கரையில் உலாவவும் செய்யலாம்; போலீஸ் என்பது, அக்கிரமம் அளவு மீறும்போது திரையின் மூலையில் ஒவ்வொன்றாக ஏறும் நட்சத்திரங்களும், அந்த நட்சத்திரங்களுக்குத் தக்கபடி துரத்தி வரும் வண்டிகளும்தான். 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த ஐந்தாம் பாகத்தின் நகரத்துக்கு லாஸ் சாந்தோஸ் என்று பெயர். லாஸ் ஏஞ்சலிஸின் சாயலில் அமைத்தது.

இதில் ஒரு விநோதம் உண்டு. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்தில் டி.எம்.ஏ. டிசைன் என்ற ஸ்தாபனம், பிற்பாடு ராக்ஸ்டார் நார்த் என்று பெயர் மாறியது, 1995-ஆம் ஆண்டில் இந்த விளையாட்டுக்கு முதல் திட்டம் தீட்டியபோது அதன் பெயரே வேறு; ‘ரேஸ் அன் சேஸ்’ என்ற அந்தத் திட்டத்தில் ஆடுகிறவன் போலீஸாகவும் இருக்கலாம் என்றுதான் ஏற்பாடு. சிவப்பு விளக்கில் நிற்பதும் பாதசாரிக்கு வழிவிடுவதுமாக அந்த உத்தியோகம் சலிப்பூட்டியதாகவும், நிரலில் நேர்ந்த ஏதோ ஒரு பிழையினால் போலீஸ் கார்கள் வெறி பிடித்தாற்போல் ஆடுகிறவனை மோதத் தொடங்கியபோதுதான் விளையாட்டுக்கே உயிர் வந்ததாகவும் அதை உண்டாக்கியவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே 1997-இல் முதல் பாகம் வெளிவந்தபோது திருடன் மட்டும் மிஞ்சினான். கைவிடப்பட்ட அந்தப் போலீஸ்காரனைத்தான் அபிமானிகள் தேடிப் பிடித்து மறுபடியும் உள்ளே கொண்டுவந்திருக்கிறார்கள்.

2008-இல் வந்த நான்காம் பாகத்துக்கு எல்.சி.பி.டி.எஃப்.ஆர். என்றும், ஐந்தாம் பாகம் 2015-இல் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்த பிறகு எல்.எஸ்.பி.டி.எஃப்.ஆர். என்றும் அவர்கள் செய்த மோட், அதாவது மூல விளையாட்டின்மேல் பொருத்தும் இலவச ஒட்டு, இந்தக் காரியத்தைச் செய்தது. அதை ஏற்றிக்கொண்டால் விளையாட்டின் போக்கு தலைகீழாகிவிடும். ரோந்து வண்டியில் ஏறி உட்கார வேண்டும். கட்டுப்பாட்டு அறையிலிருந்து அழைப்பு வரும். வேகமாகப் போன காரை ஓரம் கட்டச் சொல்லி, லைசென்ஸ் வாங்கிப் பார்த்து, எண்பலகையைப் பதிவேட்டில் சரிபார்த்து, அபராதச் சீட்டு எழுதி, ‘போய் வா’ என்று அனுப்ப வேண்டும். துப்பாக்கியை எடுக்காமலே ஒரு மாலைப்பொழுதைக் கழிக்கிறவர்கள் இதில் அநேகர்.

இந்தப் பித்து நம்மவர்களையும் விடவில்லை. பொலேரோ, ஸ்கார்ப்பியோ, இன்னோவா என்று இந்தியப் போலீஸ் வண்டிகளைச் செய்து பகிர்கிறவர்கள் பல வருஷங்களாக இருக்கிறார்கள். பலர் ஒரே நகரத்தில் கூடி வேஷம் கட்டி ஆடும் ஃபைவ்எம் சர்வர்களில் தமிழிலேயே பேசி ஆடுகிறவர்களும் உண்டு. எங்கள் ராயப்பேட்டையில், பீட்டர்ஸ் ரோட்டுக்குப் பின்னாலுள்ள ஒரு சந்தில், இன்ஜினீயரிங் படிக்கும் மாணவர் ஒருவர் ஒரு பொலேரோவை உருவாக்கிக்கொண்டிருப்பதை அருகிலிருந்து பார்க்கும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது. வண்டியின் கூடு முடிந்துவிட்டது. அன்று நடந்தது கூரைமேல் சுழலும் சிவப்பு நீல விளக்குக்கான வேலை. அந்த விளக்கு எந்தக் கணத்தில் எரிய வேண்டும், எந்தக் கணத்தில் அணைய வேண்டும் என்பதை, ஒரு விளக்குக்கு முப்பத்திரண்டு இடங்கள் வீதம், ஒன்றும் பூஜ்யமுமாக எழுத வேண்டுமாம். ஒன்று என்றால் வெளிச்சம், பூஜ்யம் என்றால் இருட்டு. நிஜ வண்டியின் விளக்கைச் செல்போனில் படம் பிடித்து, மெதுவாக ஓட்டிப் பார்த்து, அதற்கு இணையாக இலக்கங்களை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தார். முன்பக்கத்துக் ‘காவல்’ என்ற எழுத்தின் தடிமன், அரசாங்க வண்டிகளுக்குரிய ‘ஜி’ வரிசை எண்பலகை, சப்-இன்ஸ்பெக்டரின் தோளில் இரண்டு நட்சத்திரம், இன்ஸ்பெக்டருக்கு மூன்று, ஏட்டையாவின் கையில் மூன்று பட்டை: இவற்றில் ஒன்று பிசகினாலும் சக அபிமானிகள் விடமாட்டார்களாம். இவ்வளவு உழைப்புக்கும் பிரதிபலன், அதை இறக்கிக்கொண்டவர்கள் எழுதும் ஒரு வரிப் பாராட்டு.

பிள்ளைகள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாலே குடி முழுகிவிட்டது என்று எண்ணுகிற பெற்றோருக்கு இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. பணம் வைத்து ஆடும் சூதாட்டத்தையும் இதையும் ஒரே தராசில் நிறுத்துவது அவசரம். 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும், 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த சட்டமும் குறிவைத்தது பணத்தைப் பிடுங்கும் ஆட்டங்களை. எந்த விதியையும் மீறலாம் என்று அனுமதி கொடுத்த உலகத்திலே, விதியைத் தாமாகத் தேடிப் போய், அதற்குக் கட்டுப்படுவதில் இன்பம் காண்கிற மனப்பான்மை அலட்சியம் செய்யத்தக்கதன்று. அந்தச் சர்வர்களின் சட்டதிட்டங்களைப் படித்துப் பார்த்தால் ஒரு சிறு அரசியல் சாசனம் போலவே இருக்கிறது: காரணமில்லாமல் யாரையும் சுடக்கூடாது, வண்டியை ஆயுதமாகப் பிரயோகிக்கக்கூடாது, உயிருக்கு அஞ்சுகிற மனிதனைப்போல் நடந்துகொள்ள வேண்டும், மனு எழுதித் தேர்வு கொடுத்தாலொழிய காக்கி கிடையாது. லாஸ் சாந்தோஸில் சிவப்பு விளக்குக்கு நிற்கிற அதே பிள்ளை, ராயப்பேட்டை மணிக்கூண்டுச் சிக்னலில் நிற்கிறானா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்து மனத்தைக் கெடுத்துக்கொள்வானேன்?

விளையாட்டின் சொந்தக்காரர்கள் இவர்களை எப்படி நடத்தினார்கள் என்பது தனிக் கதை. 2017-இல் ராக்ஸ்டாரின் தாய் நிறுவனமான டேக்-டூ, மோட் செய்கிறவர்களுக்கு அத்தியாவசியமான ஓப்பன்ஐவி என்ற கருவியை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் விட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. 2023-இல் ராக்ஸ்டார், ஃபைவ்எம் சர்வர்களுக்கு ஆதாரமான குழுவையே தன்னோடு சேர்த்துக்கொண்டது. வாசலில் நிற்காதே என்று விரட்டியவரே உள்ளே அழைத்து நாற்காலி போட்டதை வியாபார விவேகம் என்பதா, பச்சாத்தாபம் என்பதா, வாசகர்கள் தீர்மானித்துக்கொள்ளட்டும்.

என் குறை வேறு. அந்த மாணவரிடம், கைது செய்த பிறகு என்ன நடக்கும் என்று கேட்டேன். ஸ்டேஷன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால் போதும், ஆள் மறைந்துவிடுவான், அடுத்த அழைப்பு வந்துவிடும் என்றார். வேடிக்கையாகச் சொன்ன அந்தப் பதிலில் ஒரு பெரிய விஷயம் அடங்கிக் கிடக்கிறது. ஆள் மறைந்துவிடுகிற அந்த வாசல்படியிலிருந்துதான், நிஜ வாழ்க்கையில், போலீஸின் தராதரம் ஆரம்பமாகிறது. உள்ளே ரைட்டர் என்று ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்; அவருடைய மேஜையின்மேல் ஜெனரல் டைரி இருக்கிறது; முதல் தகவல் அறிக்கை அங்கே உருவாகிறது, அல்லது புகாரைப் பெற்றுக்கொண்டதற்குச் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கிழித்துக் கொடுத்து, ‘போய்விட்டு நாளைக்கு வாருங்கள்’ என்று சொல்வதோடு உருவாகாமல் போகிறது. கைது செய்கிறவர் பெயர்ப்பட்டை அணிந்திருக்க வேண்டும், கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்திட வேண்டும், உறவினருக்குச் செய்தி சொல்ல வேண்டும் என்றெல்லாம் டி.கே. பாசு வழக்கில் 1996-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட் வகுத்தது. இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் இருபத்திரண்டாவது ஷரத்து. 2020 ஜூனில் சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் மாண்ட வழக்கில் நாட்டை உலுக்கியது தெருவில் நடந்த எதுவுமன்று. ஸ்டேஷனின் நான்கு சுவர்களுக்குள் நடந்தது. அங்கே காமிராப் பதிவுகள் நாள்தோறும் தாமாக அழிந்துபோகும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் கண்டார். பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் அஞ்சாமல் கொடுத்த வாக்குமூலம்தான் உண்மையை வெளியே கொண்டுவந்தது.

சைரன் விளக்கை முப்பத்திரண்டு இலக்கத்தில் அப்படியே வார்த்தெடுக்கிற கைகளுக்கு, அந்தத் தலைமைக் காவலரின் பதவியை ஓர் ஆட்டமாக வார்க்கத் தோன்றவில்லையே என்பதுதான் என் வருத்தம். தோன்றாததற்கு அவர்கள் மட்டும் பொறுப்பல்ல. ‘தங்கப்பதக்கம்’ முதல் ‘காக்க காக்க’, ‘சிங்கம்’ வரையில் தியேட்டர் வாசலில் வரிசையில் நின்று நாம் பார்த்த போலீஸ், வண்டியிலிருந்து இறங்கும் போலீஸ். ஸ்டேஷனுக்குள் காமிராவைத் தூக்கிக்கொண்டு போன ‘விசாரணை’யும் ‘ஜெய் பீம்’ படமும் சமீப காலத்தவை. தமிழ்ச் சர்வர்களில் வாய் நிறையத் தமிழ் பேசுகிற பிள்ளை, வாக்கி-டாக்கியை எடுத்ததும் ‘டென்-ஃபோர்’ என்று அமெரிக்கச் சங்கேதத்துக்குத் தாவுகிறான். வண்டி நம்முடையது, காக்கி நம்முடையது, காரியக்கிரமம் மட்டும் கலிபோர்னியாவினுடையது.

சீட்டுக் கிழித்துப் போட்டு நாம் சிறுவயதில் ஆடிய ராஜா ராணி திருடன் போலீஸ் ஆட்டத்தை இங்கே நினைத்துப் பார்க்கலாம். போலீஸ் சீட்டு வந்தவன் திருடனைச் சரியாகச் சுட்டிக் காட்டினால் அவனுக்கு மதிப்பெண். நிரபராதியான மந்திரியைச் சுட்டிக் காட்டினாலோ அவனுக்குப் பூஜ்யம், அவன் மதிப்பெண் முழுவதும் திருடனுக்கு. பொய்யாக ஒருவனைப் பிடித்தால் உண்மைக் குற்றவாளிக்கே லாபம் என்ற நியாயம், தாள் துண்டுகளில் எழுதிய அந்த ஆட்டத்தில் இருந்தது. பல கோடி டாலரில் உருவான நகரத்தில் இல்லை. ஜெர்மனியில் செய்த ‘போலீஸ் சிமுலேட்டர்: பேட்ரோல் ஆபீசர்ஸ்’ என்ற ஆட்டத்தில், முகாந்தரமில்லாமல் ஒருவரைச் சோதனை போட்டால் நடத்தைப் புள்ளிகள் குறைந்துவிடுகின்றன. ஆகவே இது முடியாத காரியமல்ல.

மேஜையும் காகிதமும் யாருக்கு வேண்டும், விறுவிறுப்பு போய்விடாதா என்று ஆட்சேபிக்கலாம். அந்த ஆட்சேபத்துக்கு அபிமானிகளே பதில் சொல்லிவிட்டார்கள். மணிக்கணக்கில் அபராதச் சீட்டு எழுதுவதில் ரசனை காண்கிறவர்கள் காகிதத்துக்கு அஞ்சுகிறவர்களல்ல. எல்.எஸ்.பி.டி.எஃப்.ஆர். ப்ளஸ் என்று ஓர் ஒட்டு, ஆடுகிறவன் கைது செய்த ஆளைக் கோர்ட்டுக்கே அனுப்பி, வழக்கு நின்றதா தள்ளுபடியானதா என்று பிறகு சொல்கிறது; அதைச் செய்தவர் எந்த நிறுவனத்தின் சிப்பந்தியுமல்ல, அபிமானிதான். அமெரிக்கக் கோர்ட்டை ஓர் அபிமானி கட்டிவிட்டபோது, நம் மாஜிஸ்திரேட் கோர்ட்டை நம் பிள்ளைகள் கட்ட முடியாதா? ராயப்பேட்டைக்காரர்களுக்கு அதில் பரம்பரைப் பாத்தியதை வேறு உண்டு: ஆற்காட்டு இளவரசரின் அமீர் மஹால், அரண்மனையாக மாற்றப்படுவதற்கு முன்னால், பத்தொன்பதாம் நூற்றாண்டில், ராயப்பேட்டைப் போலீஸ் கோர்ட்டாக இருந்த கட்டடம்.

கற்பனை செய்து பாருங்கள். ஆடுகிறவன் இன்ஸ்பெக்டரல்ல, இரவுப் பணியிலிருக்கும் ரைட்டர். பதினோரு மணிக்கு ஒரு கிழவி செயினைப் பறிகொடுத்து வந்து நிற்கிறாள், எஃப்.ஐ.ஆர். போடுவதா, கணக்கில் குற்றம் ஏறுமே என்று சி.எஸ்.ஆரோடு நிறுத்துவதா? பன்னிரண்டு மணிக்கு ரோந்துக்காரர்கள் ஒரு பையனை இழுத்து வருகிறார்கள்; கைது நேரத்தைப் பத்தரை என்று எழுதுவதா, மேலிடத்தார் சொல்கிறபடி விடியற்காலை ஐந்து என்று எழுதுவதா? இருபத்துநான்கு மணி நேரக் கடிகாரம் திரையின் மூலையில், நட்சத்திரங்கள் இருந்த இடத்தில், ஓடத் தொடங்குகிறது. இதைவிட நெஞ்சு படபடக்கும் துரத்தல் காட்சி ஒன்றை எந்தச் சைரனாலும் தர முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வேண்டிய சரக்கெல்லாம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. எழும்பூரிலுள்ள பழைய கமிஷனர் அலுவலகத்தை 2021-இல் போலீஸ் மியூசியமாகத் திறந்துவிட்டிருக்கிறார்கள். பழைய காக்கியையும் கருவிகளையும் அளந்து படம் வரைந்துகொள்ள அதைவிடத் தக்க இடம் வேறில்லை. சில வகை வழக்குகள் நீங்கலாக, முதல் தகவல் அறிக்கைகளை இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. தமிழ்நாடு காவல்துறையின் தளத்திலேயே அவற்றைப் பார்க்கலாம். எந்தக் கட்டத்தில் என்ன எழுதுகிறார்கள், சட்டப்பிரிவு எங்கே வருகிறது, கையொப்பம் எங்கே வருகிறது என்பதை அந்தப் பொலேரோவின் விளக்கைப் பார்த்த அதே சிரத்தையோடு பார்த்தால் போதும். ஸ்டேஷனின் உட்புறத்தைக் கட்டுவதை எம்.எல்.ஓ. என்கிறார்களாம், வண்டி செய்வதைக் காட்டிலும் அது எளிது என்று அந்த மாணவரே ஒப்புக்கொண்டார். பரீட்சை முடியட்டும் என்று சொல்லியிருக்கிறார்.