யாரிடம் மனுக் கொடுப்பது?

பனிப்போர் என்று பேச்செடுத்தாலே நம் தோழர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துகொள்கிறார்கள். 'என்ன இருந்தாலும் ரஷ்யா இருந்தவரைக்கும் ஏழைக்கு ஒரு நாதி இருந்துச்சு' என்பார் ஒருவர். 'அங்கேயும் மனுசனைப் போட்டு நசுக்கத்தானே செஞ்சாங்க, அமெரிக்காவுலயாவது கறுப்பர்கள் கோர்ட்டுக்குப் போய் ஜெயிச்சாங்க' என்பார் இன்னொருவர். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் தொடங்கி, 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததுவரை நடந்த அந்தச் சண்டையை ஏவுகணைக் கணக்காகவும் உளவுக் கதையாகவும்தான் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். நான் கேட்க நினைப்பது வேறு கேள்வி. ஊரில் இரண்டு பெரிய வீட்டுக்காரர்கள் அடித்துக்கொள்ளும்போது சேரிக்காரன் என்ன செய்யலாம்? அவனுக்குக் கிடைத்தது என்ன, பறிபோனது என்ன?

இந்தக் கேள்வி நமக்கு அந்நியமானது அல்ல. 1946இல் அமெரிக்காவின் தேசிய நீக்ரோ காங்கிரஸ் தன் மக்கள்படும் கொடுமையை அய்.நா. சபைக்கு மனுவாகக் கொடுத்தது. அதைப் படித்தறிந்த பாபாசாகேப் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டுபாய்சுக்குக் கடிதம் எழுதினார். தீண்டத்தகாதவர்களின் நிலைமைக்கும் கறுப்பர்களின் நிலைமைக்கும் அவ்வளவு ஒற்றுமை இருக்கிறது, எங்கள் மக்களும் அய்.நா.வுக்குப் போவதுபற்றி யோசிக்கிறார்கள், அந்த மனுவின் பிரதிகள் வேண்டும் என்று கேட்டார். டுபாய்ஸ் அந்த ஜூலை மாதமே பதில் எழுதினார். விரிவான இன்னொரு மனு தயாராகிறது, அதையும் அனுப்புகிறேன், உங்கள் மக்கள்மீது எனக்கு முழு அனுதாபம் உண்டு என்றார்.

அந்த விரிவான மனுவுக்கு என்ன ஆயிற்று? கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் பெயரில் 1947 அக்டோபரில் டுபாய்ஸ் அதை அய்.நா.வில் கொடுத்தார். சிறுபான்மையினர் பாதுகாப்புக்கான துணைக்குழுவில் அதை விசாரிக்க வேண்டும் என்று சோவியத் பிரதிநிதி கேட்டார். நிராகரித்துவிட்டார்கள். அந்தச் சங்கத்தின் நிர்வாகக் குழுவிலேயே இருந்த எலினார் ரூஸ்வெல்ட், அய்.நா.வில் அமெரிக்கப் பிரதிநிதியாகவும் இருந்தார். அந்த அம்மையாரும் மனுவை எடுத்துவைக்கவில்லை. நல்லவர்தான், அனுதாபம் உள்ளவர்தான். ஆனால் எதிரி கையில் ஆயுதம் போய்விடக்கூடாது என்றார்கள். நம் வலி அவர்களுக்கு 'எதிரியின் ஆயுதம்'. இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த ஆயுதத்துக்கு வெள்ளை மாளிகை பயந்ததும் உண்மை. 1952 டிசம்பரில், பள்ளிகளில் இன ஒதுக்கல் பற்றிய வழக்கில் அமெரிக்க நீதித்துறை உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுத்ததைப் பாருங்கள். நிறவெறி நம் அயலுறவைக் கெடுக்கிறது, கம்யூனிஸ்ட் பிரச்சாரத்துக்குத் தீனி போடுகிறது என்று பச்சையாகவே எழுதினார்கள். 1954 மே 17இல் இன ஒதுக்கல் பள்ளிகள் செல்லாது என்று தீர்ப்பு வந்ததும் 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' வானொலி அதைப் பல மொழிகளில் உலகத்துக்கு ஒலிபரப்பியது. 1957 செப்டம்பரில் லிட்டில் ராக் நகரத்தில் ஒன்பது கறுப்புப் பிள்ளைகளைப் பள்ளிக்குள் விடாமல் ஆளுநர் ஃபாபஸ் தடுத்தபோது, ஜனாதிபதி அய்சன்ஹோவர் ராணுவத்தை அனுப்பினார். அன்றைக்கு அவர் ஆற்றிய உரையில் பிள்ளைகளின் படிப்பு மட்டும் இல்லை. எதிரிகள் இதைக் காட்டி மகிழ்கிறார்களே என்ற கவலையும் இருந்தது.

அடுத்த மாதமே இன்னொன்று நடந்தது. புதிதாக விடுதலையடைந்த கானா நாட்டின் நிதியமைச்சர் பெடெமா, டெலவேர் மாநிலத்தில் சாலையோர உணவகம் ஒன்றில் ஆரஞ்சுச் சாறு கேட்டார். கறுப்பர்கள் இங்கே உட்கார்ந்து குடிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். செய்தி பரவியதும் அய்சன்ஹோவர் அவரை வெள்ளை மாளிகைக்குக் காலைச் சாப்பாட்டுக்கு அழைத்தார். ஆப்பிரிக்கா மாஸ்கோ பக்கம் போய்விடக்கூடாதே! சரி, அதே சாலையில் தினம் தினம் விரட்டப்பட்ட உள்ளூர்க் கறுப்பனை எந்த ஜனாதிபதி சாப்பிடக் கூப்பிட்டார்? தனி டம்ளரில் டீ குடித்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மந்திரி குடித்தால் அது அயலுறவு. நாம் குடித்தால் அது ஊர் வழக்கம்.

ஆக, போட்டி இருந்ததால் வெள்ளை மாளிகை அசைந்தது. ஆனால் போட்டி மட்டுமே அசைத்துவிடவில்லை. மாண்ட்கோமெரியில் 381 நாள் பேருந்தில் ஏறாமல் நடந்தே போனவர்கள் இருந்தார்கள். 1960இல் கிரீன்ஸ்பரோ கடையில் எழுந்திருக்க மாட்டோம் என்று உட்கார்ந்த நான்கு மாணவர்கள் இருந்தார்கள். 1963இல் பர்மிங்காமில் போலீஸ் நாய்க்கும் தண்ணீர்ப் பீய்ச்சலுக்கும் முன்னால் நின்ற சிறு பிள்ளைகள் இருந்தார்கள். அந்தப் படங்கள் உலகமெங்கும் போனதால்தான் 1964 சட்டம் வந்தது. களத்தில் ஆள் இல்லாவிட்டால் உலகத்தின் கண்ணுக்குக் காட்ட எதுவும் இருந்திருக்காது.

இதற்குக் கொடுத்த விலையையும் பேச வேண்டும். 1948இல் டுபாய்சை அவர் வளர்த்த சங்கமே வேலையிலிருந்து நீக்கியது. 1951இல் அயல்நாட்டு ஏஜெண்டு என்று அரசு அவர்மேல் வழக்குப் போட்டது. அப்போது அவருக்கு வயது 82. வழக்கு நிற்கவில்லை, ஆனாலும் பாஸ்போர்ட் தரவில்லை. பாடகர் பால் ராப்சனின் பாஸ்போர்ட்டை 1950இல் முடக்கி, 1958வரை வெளிநாடு போகவிடாமல் வைத்தார்கள். கறுப்பர்களுக்கு நடப்பது இனப்படுகொலை என்று 1951 டிசம்பரில் அய்.நா.வுக்கு மனுக் கொடுத்தவர்களில் ராப்சனும் ஒருவர். சங்கத் தலைமையோ 'நாங்கள் கம்யூனிஸ்டுகள் இல்லை' என்று நிரூபிப்பதில் இறங்கியது. என்னைக் கேட்டால் பெரிய இழப்பு அதுதான். வேலை, வீடு, கூலி, மருத்துவம் எல்லாம் மனித உரிமை என்று தொடங்கிய கோரிக்கை, பக்கத்தில் உட்காரும் உரிமையாகச் சுருங்கியது. எதைக் கேட்கலாம், எவ்வளவு கேட்கலாம் என்பதை எஜமானனின் பயம் தீர்மானித்தது.

'அப்படின்னா மாஸ்கோதானே நம்ம பக்கம்?' என்று கேட்கும் தோழருக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. லிட்டில் ராக்குக்காகக் கண்ணீர் விட்ட அதே அரசு, 1944 பிப்ரவரியில் செச்சென், இங்குஷ் மக்களையும் மே மாதத்தில் கிரிமிய தாத்தர்களையும் ஒட்டுமொத்தமாக ரயிலில் ஏற்றி நாடு கடத்தியது. வழியிலும் போய்ச் சேர்ந்த இடத்திலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். 1948 டிசம்பர் 10இல் மனித உரிமைப் பிரகடனம் வாக்கெடுப்புக்கு வந்தபோது எட்டு நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. சோவியத்தும் அதன் கூட்டாளிகளும் ஆறு. மற்ற இரண்டு, நிறவெறித் தென்னாப்பிரிக்காவும் சவூதி அரேபியாவும். எந்த வரிசையில் யார் என்று பாருங்கள். 1963 டிசம்பரில் கானா மாணவர் ஒருவர் இறந்துபோனதை ஒட்டி, ஆப்பிரிக்க மாணவர்கள் நூற்றுக்கணக்கில் செஞ்சதுக்கத்துக்கே ஊர்வலம் போனார்கள். மாஸ்கோ இன்னொரு அலபாமா என்று தட்டியில் எழுதிப் பிடித்தார்கள். தன் வீட்டுச் சேரி எந்தப் பெரிய வீட்டுக்காரன் கண்ணுக்கும் தெரிவதில்லை.

இரண்டு பேரோடும் கைகுலுக்கிய நம் டெல்லியின் யோக்கியதையையும் பார்த்துவிடலாம். தென்னாப்பிரிக்காவில் இந்தியர்களை இனப் பாகுபாட்டோடு நடத்துகிறார்கள் என்று 1946இல் இந்தியாதான் அய்.நா.வுக்குப் போனது. அது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்றது தென்னாப்பிரிக்கா. அந்த வாதத்தை மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் தோற்கடித்தது பொதுச்சபை. நல்ல காரியம். 55 வருசம் கழித்து, 2001இல் அதே தென்னாப்பிரிக்க மண்ணில், டர்பனில் இனவெறி எதிர்ப்பு மாநாடு நடந்தது. சாதியைப் பேச வேண்டும் என்று தலித் தோழர்கள் பறையடித்துக்கொண்டு போய் நின்றபோது இந்திய அரசு என்ன சொன்னது? சாதி இனம் ஆகாது, அதை இங்கே கொண்டு வராதே என்றது. மாநாட்டின் இறுதி அறிக்கையில் சாதி என்ற சொல்லே இடம்பெறவில்லை. அன்றைக்கு தென்னாப்பிரிக்கா பேசிய பாஷையை இன்றைக்கு இவர்கள் பேசினார்கள்.

டர்பனில் நமக்கு ஏன் அப்படி ஆயிற்று? எதிரியின் வாய்க்குத் தீனி ஆகிவிடுமே என்று டெல்லி பயப்படுகிற மாதிரி எதிரில் எவனும் இல்லை. உலகச் சந்தைக்கு டெல்லி தேவைப்பட்டது, நாம் தேவைப்படவில்லை. ஆனாலும் தோழர்கள் விடவில்லை. பிறப்பின் அடிப்படையிலான பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று 2002இல் அய்.நா.வின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு பொதுப் பரிந்துரையாகவே எழுதியது. எந்த வல்லரசும் வாங்கித் தந்ததல்ல அது.

மாணவத் தோழர்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். பெரியவர்கள் இரண்டு பேர் சண்டை போட்டால் அந்தச் சந்தில் நுழையத்தான் வேண்டும், அதில் வெட்கமில்லை. டுபாய்ஸ் நுழைந்தார், பாபாசாகேப்பும் யோசித்தார். ஆனால் மனுவை எழுதுகிற கை நம்முடையதாக இருக்க வேண்டும். 'இதை மட்டும் எடுத்துடுங்க, நாங்க உங்களுக்காகப் பேசுறோம்' என்று யார் வந்தாலும், எடுக்கச் சொல்கிற அந்த வரி எது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அது நிலமாக இருக்கும், கூலியாக இருக்கும், அதிகாரமாக இருக்கும். அந்த வரியை விட்டுவிட்டு மிச்சத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.