காஞ்சொறியும் கண்டாலியும்

தேக ஆரோக்கியத்தைப் பற்றிய இப்பகுதியில் கீரை வகைகள் பலவற்றைக் குறித்து எழுதி வந்திருக்கிறோம். தொட்டால் கொட்டும் கீரை ஒன்றைப் பற்றி இவ்வாரம் எழுத நேர்ந்ததற்கு நேயர்கள் சிலர் விடுத்த வினாவே காரணம். 'நெட்டில்' என்ற பெயருடன் தேயிலையைப் போல் பொட்டலங்களில் விற்கப்படும் இலைக்கு, அகராதியில் 'காஞ்சொறி' என்று பொருள் கண்டிருக்கிறது. அது நமது வேலியோரத்தில் இனாமாகவே வளர்கிறதே, அதைப் பறித்துச் சமைத்தால் என்ன என்று கேட்கிறார்கள்.

சமைக்கலாகாது. பெயர் ஒன்றாயினும் செடி வேறு.

செந்தட்டி என்றும் சிறுகாஞ்சொறி என்றும் நாம் வழங்குவது ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. அதன் சுணைக்குள்ளே கால்ஷியம் ஆக்ஸலேட் என்னும் உப்பினால் ஆன நுண்ணிய ஊசி இருக்கிறது. அது தோலைத் துளைக்க, எரிச்சலூட்டும் நீர் உட்புகுகிறது. சித்த வைத்தியத்தில் இதற்கு இடமுண்டு. 2020-ஆம் வருஷத்துக் கொள்ளை நோயின்போது தமிழ்நாட்டில் ஏராளமானோர் அருந்திய கபசுரக் குடிநீரில் சிறுகாஞ்சொறியும் ஒரு சரக்கு. ஆனால் அதில் சேருவது வேர், இலையன்று. அதுவும் அளவும் பக்குவமும் அறிந்தவர்கள் சேர்ப்பது. அதைச் சாட்சியாக வைத்துக்கொண்டு இலையை உலையில் இடுவது விவேகமாகாது.

பொட்டலத்தில் இருப்பது இமயமலைச் சாரலிலும் ஐரோப்பாவிலும் வளரும் செடி. தாவர சாஸ்திரிகள் அதை உர்டிகா டயோயிகா என்பார்கள். கார்வாலில் அது கண்டாலி, குமாவூனில் சிசூண், ஹிந்தியில் பிச்சூ காஸ், அதாவது தேள் புல். (நமது கொடிக்கும் ஸம்ஸ்கிருதத்தில் விருச்சிகாலி என்று பெயருண்டு. கொட்டுப்பட்டவர் எத்தேசத்தவராயினும் தேளைத்தான் நினைப்பார்கள் போலும்!) திபேத்திய மகான் மிலரேபா குகையில் தவமிருந்த காலத்தில் இதனையே உண்டு மேனி பசுமை நிறமாகப் பெற்றார் என்பது கர்ண பரம்பரை.

இந்தச் செடியின் சுணை கண்ணாடிக் குழாயைப் போன்றது. தொட்டவுடன் நுனி முறிந்து, உள்ளிருக்கும் நீர் தோலில் இறங்குகிறது. எறும்பின் உடலிலுள்ள திராவகமே இந்த எரிச்சலுக்குக் காரணம் என்று வெகுகாலம் நம்பி வந்தார்கள். 1947-இல் எம்மலின், பெல்ட்பெர்க் என்ற இருவர் ஆராய்ந்து, ஹிஸ்டமின், அஸிடைல்கோலின் என்னும் வஸ்துக்கள் அந்நீரில் இருப்பதைக் காட்டினார்கள். கொதிநீர் பட்டதும் சுணை துவண்டு தன் வேலையை மறந்துவிடும். கார்வால் பெண்கள் இந்த ரகசியத்தை எந்த ஆராய்ச்சிசாலையிலும் கற்கவில்லை. இடுக்கியினால் கொழுந்தைப் பற்றிப் பறித்து, வேகவைத்து, மசித்து, குதிரைவாலிச் சோற்றுடன் பரிமாறுகிறார்கள். தாளிப்பதற்கு அவர்கள் எடுப்பது ஜக்யா. அது வேறொன்றுமில்லை, நமது வயல்களில் களையென்று பிடுங்கியெறியும் நாய்க்கடுகின் விதைதான்!

இனி, குணத்தைப் பார்ப்போம். வேகவைத்த இலை 100 கிராமில் கால்ஷியம் ஏறக்குறைய 480 மில்லிகிராம் உண்டு. அதே அளவு பசும்பாலில் 120 மில்லிகிராம்தான். இது மெய்யான பெருமை. "இரத்தம் ஊறும்" என்ற விளம்பரம் அப்படிப்பட்டதன்று. அதே 100 கிராமில் இரும்புச் சத்து இரண்டு மில்லிகிராமுக்கும் குறைவு. நம் நாட்டுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் வேண்டுமென்று நிபுணர்கள் 2020-இல் கணித்திருக்கிறார்கள். ஒரு கோப்பைக் கஷாயத்தில் இறங்குவது இதிலும் சொற்பமே. சோகை பிடித்த பெண்ணுக்கு மாத்திரையை நிறுத்திவிட்டு இந்தக் கஷாயத்தைக் கொடுத்துக் காலங் கடத்துவதைப் போன்ற அபாயம் வேறில்லை.

மூட்டு வலிக்கு இச்செடியால் அடித்துக்கொள்ளும் வழக்கம் ஐரோப்பாவில் பழமையானது. கட்டைவிரல் மூட்டு வலியுள்ள 27 பேருக்கு இலையைத் தடவிப் பார்த்த இங்கிலாந்து வைத்தியர்கள், வலி தணிந்தது என்று 2000-ஆம் ஆண்டில் எழுதினார்கள். சிறிய சோதனைதான், ஆயினும் நகைத்துத் தள்ளத்தக்கதன்று. வயோதிகர்களின் மூத்திரத் தடைக்கு ஜெர்மனியில் இதன் வேரைக் கொடுக்கிறார்கள். உபத்திரவம் சற்றுக் குறையலாம். வீங்கிய சுரப்பி அதனால் சுருங்குவதில்லை.

உண்பவர்கள் பூப்பதற்கு முந்திய இளங்கொழுந்தை மட்டும், கையுறை அணிந்து பறிக்க வேண்டும். முற்றிய இலை மூத்திரப் பாதையை உறுத்தும். இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் உட்கொள்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் இதைத் தொடவே கூடாது. இதிலுள்ள 'கே' வைட்டமின் அம்மருந்தை எதிர்த்து நிற்கும். கர்ப்பிணிகளும், இருதயம் அல்லது மூத்திரக்காய் பழுதுபட்டு உடல் வீங்கியவர்களும், இரத்த அழுத்தத்திற்கோ நீரிழிவுக்கோ மருந்து சாப்பிடுவோரும் அவ்வாறே.

கீரைக்காகவே ஆசைப்படுவோருக்குக் கொல்லையில் முருங்கை இருக்கிறது. கண்டாலியைத்தான் ருசி பார்க்க வேண்டுமென்றால் கடல் கடந்து வரும் பொட்டலம் எதற்கு? உத்தராகண்டத்திலேயே உலர்த்தி விற்கிறார்கள். மேலே தாவரப் பெயர் அச்சிட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

நீலகிரிக்கு உல்லாசப் பயணம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்குள்ள பெரிய காஞ்சொறி இவற்றினும் கடுமையாகக் கொட்டும். பட்ட இடத்தைத் தேய்க்கவோ சொறியவோ வேண்டாம். ஒட்டும் நாடாவை ஒற்றியெடுத்தால் சுணை அதனுடன் வந்துவிடும். பிறகு சோப்பு நீரில் அலம்பிக் குளிர்ந்த துணியை இட்டால் போதும். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.