தேவார வகுப்பின் முதல் பாடம் மூச்சாக இருக்கட்டும்

ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் ஊர் மலேசியாவின் தைப்பிங். கோயில் மண்டபத்தின் தகரக் கூரையில் மழை இறங்கிவிட்டால், தேவாரம் பயிலும் பிள்ளைகள் தொண்டையைக் கிழித்துக்கொண்டுதான் பாடவேண்டும். இரைச்சல் கூடும்போது மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறார்கள் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார்ட் 1911-இலேயே எழுதிவைத்தார். போதாக்குறைக்கு நாமும் “சத்தமா பாடு” என்று தூண்டுகிறோம். திருமுறை ஓதும் விழா நெருங்க நெருங்க இந்தத் தூண்டுதல் வலுக்கிறது. பதிகம் மனப்பாடம் ஆவதற்கு முன்பே மூச்சை ஆளவும் தொண்டையைத் திறக்கவும் பிள்ளைகள் பழகியாக வேண்டும்.

ஐந்து கட்டைச் சுருதியில் ஆதார சட்ஜத்தைப் பிடிக்கும் பெண்ணின் குரல்நாண்கள் நொடிக்கு 196 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. மேல் சட்ஜத்தில் அது 392 ஆகிறது. குரலை அழுத்தினால் ஒவ்வொரு மோதலும் பலமாகிறது. இப்படியே நாள்கணக்கில் தொடர்ந்தால் நாண்கள் வீங்கும், முடிச்சு விழும், குரல் கரகரக்கும். நல்ல மூச்சு இந்தச் சுமையைக் குறைக்கிறது. தோள் உயராமல் வயிறும் கீழ் விலாவும் விரிய மூச்சை இழுத்து, அதை ஒரேயடியாக விட்டுவிடாமல் அடியின் நீளத்துக்குப் பங்கிட்டுச் செலவிட வேண்டும். தாடை தளர்ந்து, நாவின் அடி பின்னுக்கு ஒதுங்காமல், கொட்டாவி தொடங்கும் நிலையில் உள்வாய் அகன்றிருந்தால், குறைந்த முயற்சியிலேயே குரல் நிறைந்து ஒலிக்கும்.

பக்திக்கு நுட்பம் எதற்கு என்று கேட்பார்கள். உருகிப் பாட நினைக்கும் பிள்ளைக்குக் குரல் ஒத்துழைக்க வேண்டாமா? அடியின் நடுவே மூச்சு முட்டினால் சொல் உடைகிறது. சொல் உடைந்தால் பொருளும் சிதைகிறது. இது மேற்கத்தியப் பயிற்சி என்பாரும் உண்டு. தொல்காப்பியத்தின் பிறப்பியலோ, எழுத்தொலிக்கான காற்று உந்தியில் தொடங்குவதாகச் சொல்லி, தலை, மிடறு, நெஞ்சு முதலிய எட்டு இடங்களை வரிசைப்படுத்துகிறது. நம் இசை ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லித்தந்த அகார சாதகமும் வாயைத் திறந்து பாடும் பயிற்சிதான். இவற்றைவிட நியாயமான கேள்வி வேறொன்று: வாரத்தில் ஓரிரு மணி நேரம் தொண்டாக வந்து கற்பிப்பவருக்கு இதற்கெல்லாம் நேரமேது? முதல் பத்து நிமிடமே போதும். நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சு, கீழ் சுருதியில் அகாரம், பிறகு பதிகம். இதற்கு இசைப் பட்டம் தேவையில்லை.

சில ஒழுங்குகளையும் கோயில் நிர்வாகங்கள் உறுதிசெய்யலாம். கனத்த மழையில் பாட்டை நிறுத்திப் பொருள் விளக்கலாம். மகரக்கட்டு உடையும் பருவத்துப் பையன்களைச் சிறுமியரின் சுருதியில் பாடக் கட்டாயப்படுத்தக் கூடாது. அந்த வயதில் படும் கூச்சத்தாலேயே பாட்டை விட்டுவிடுபவர்கள் உண்டு. வாரக்கணக்கில் குரல் கம்மியிருக்கும் பிள்ளையைப் பாடவிடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். திருமுறை விழாப் போட்டிகளின் நடுவர்கள் உரத்த குரலைவிடச் சீரான மூச்சையும் தெளிந்த உச்சரிப்பையும் மெச்சினால், பயிற்சியும் தானாக அந்த வழிக்கு வரும். பத்து வயதில் பரிசு வாங்கித் தருவதோடு நம் பொறுப்பு முடிந்துவிடாது. ஐம்பது வயதிலும் சன்னிதியில் நின்று தளராமல் பாடும் குரலை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தனுப்புவதும் தேவார வகுப்பின் கடமைதான்.