போனுக்கும் டிரைவர் உண்டு!

செய்யாறு, ஆரணிப் பக்கம் பட்டுச்சேலைப் படம் அனுப்புவதும் பணம் வாங்குவதும் இப்போது போனில்தான். அந்தப் போனுக்குள்ளும் டிரைவர் உண்டு. கேமரா, சிப் போன்ற பாகங்களை இயக்கும் சிறு மென்பொருளுக்கு அந்தப் பெயர்.

சாதாரண ஆப், திண்ணையில் நிற்கும் விருந்தாளி மாதிரி. நாம் அனுமதித்தால்தான் படியேறும். டிரைவர் வேலை செய்வதோ வீட்டின் உள்ளறையில். அதில் ஓட்டை விழுந்தால், ஆப் கேட்காமலே உள்ளே போய்ச் சாவிக்கொத்தை எடுத்துக்கொள்ளும்.

நடந்த கதைதான். பிளே ஸ்டோரிலேயே இருந்த 'கேமரோ' என்ற போட்டோ ஆப், இப்படிப்பட்ட ஓட்டைகள் வழியாக ரெட்மி 6ஏ, ஓப்போ எஃப்9 போன்ற போன்களில் புகுந்து, ரகசியமாக ஒரு வேவு ஆப்பை நிறுவியது. 2020 ஜனவரியில் ட்ரெண்ட் மைக்ரோ நிறுவனம் இதை வெளியிட்டது.

அவற்றில் ஒரு ஓட்டை, மீடியாடெக் சிப்பின் டிரைவரில் இருந்தது. அந்த நிறுவனம் 2019 மே மாதமே திருத்தம் தந்துவிட்டது. பல போன்களுக்கு அது வந்து சேரவில்லை. கூகுளின் மாதாந்திர அப்டேட்டில் அது இடம்பெற்றது 2020 மார்ச்சில்தான்.

செட்டிங்ஸில் 'செக்யூரிட்டி அப்டேட்' தேதியை இன்றே பாருங்கள். அப்டேட் காத்திருந்தால் உடனே போட்டுவிடுங்கள். அப்டேட் வருவதே நின்றுபோன பழைய போனா? பாட்டுக் கேட்க வைத்துக்கொள்ளலாம். அதில் பேங்க் ஆப் வேண்டாம்.