முடிவிலியைக் கும்பிட்டது போதும்

கணிதத்தைப் பற்றி இலக்கியக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி இருக்கிறது. எதைத் தொட்டாலும் ‘முடிவிலி’யில் போய் விழுவார்கள். எஷர் 1960இல் செய்த, தேவதைகளும் சாத்தான்களும் நிறைந்த வட்டப் படத்தை மேலே போடுவார்கள். விளிம்பை நோக்கி உருவங்கள் சிறுத்துக்கொண்டே போவதைக் காட்டி, ‘பிரபஞ்சத்தின் முன் மனிதன் எவ்வளவு அற்பம்’ என்று பெருமூச்சு விட்டு முடிப்பார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும். விஷயமே அங்கேதான் தொடங்குகிறது!

முதலில், அது ஹைபர்போலிக் தளத்தின் வரைபடம். சிறுப்பது காகிதத்தின் கோளாறு. அந்தத் தளத்தின் அளவுகோலில் எல்லாத் தேவதைகளும் ஒரே அளவு. அற்பத் தத்துவம் அதோடு காலி.

அந்தத் தளத்தில் இரண்டு சுழற்சிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றை இரண்டு தடவை செய்தால் பழைய நிலை திரும்பும். இன்னொன்றை மூன்று தடவை. இரண்டையும் அடுத்தடுத்துச் செய்வதை ஏழு தடவை செய்தாலும் பழைய நிலைதான். இவற்றிலிருந்து பிறக்கும் குலம் முடிவற்றது. முடிவில்லாத எண் வரிசை பன்னிரண்டு மணிக் கடிகாரமாகச் சுருள்கிறதல்லவா, அதுபோல இதையும் சுருட்டலாம். ஆனால் நம் இஷ்டத்துக்கு முடியாது. 2, 3, 7 மூன்றுக்கும் தங்களுக்குள் பொதுக் காரணி இல்லை. அதனால் வரிசை மாறினாலும் விடை மாறாத குலமாகச் சுருட்டப் பார்த்தால் எல்லாமே ஒற்றை உறுப்பாக நசுங்கிவிடும். நசுங்காமல் மிஞ்சுவதில் மிகச் சிறியதற்கு 168 உறுப்புகள்.

இந்த 168ஐ ஃபெலிக்ஸ் கிளைன் 1878இல் கையில் வைத்திருந்தார். தளமே 24 எழுகோணங்களாகச் சுருண்டு, மூன்று துளைகள் கொண்ட பரப்பாகிறது. 56 முனைகள், 84 விளிம்புகள், 24 முகங்கள்: 56 − 84 + 24 = −4. மூன்று துளைக்கு வரவேண்டிய விடை அதுவேதான். 1893இல் ஹூர்விட்ஸ் உச்சவரம்பையே சொல்லிவிட்டார்: இரண்டோ அதற்கு மேலோ, g துளைகள் கொண்ட ரீமன் பரப்புக்கு 84(g − 1)க்கு மேல் சமச்சீர்கள் கிடையாது. வரம்பைத் தொட இந்த 2, 3, 7 குலத்தின் ஈவாக இருந்தாக வேண்டும். இரண்டு துளைக்கு வரம்பு 84. அது 168ஐவிடச் சின்னது, ஆகவே தொடவே முடியாது.

‘சரி பாஸ், முடிவுள்ளது எல்லாம் முடிவிலியின் மங்கிய நிழல்தானே?’ என்பார்கள். ஒரு நிழலை மட்டும் பார்த்தால் அப்படித்தான். ஆனால் இந்தக் குலத்தில் எந்த நகர்வை எடுத்தாலும், அது மறைந்துபோகாத ஒரு முடிவுள்ள ஈவு எங்கோ உண்டு. அதோடு பிரிட்சன், காண்டர், ரீட் மூவரும் 2016இல் வெளியிட்ட கட்டுரை இன்னும் ஒரு படி போகிறது: முடிவுள்ள எண்ணிக்கையிலான நகர்வுகளிலிருந்து பிறக்கும், ஒன்றுக்கொன்று அமைப்பில் வேறுபட்ட இரண்டு ஃபூக்ஸியன் குலங்களுக்கு முடிவுள்ள ஈவுகளின் பட்டியல் ஒன்றாக இருக்கவே முடியாது.

நான் நிரல் எழுதிப் பிழைப்பவன். இரண்டு நிரல்கள் வேறு என்று காட்ட ஒரே ஒரு டெஸ்ட் கேஸ் போதும், அவற்றின் முன் கைகூப்பி நிற்கத் தேவையில்லை. முடிவிலியை வணங்குவது பணிவு மாதிரி தெரியும். உண்மையில் அது எண்ணிப் பார்க்கச் சோம்பல். அடுத்த முறை யாராவது பெருமூச்சு விட்டால் கேளுங்கள்: எதை எதோடு ஒட்டினீர்கள், மிச்சம் எத்தனை?