வழுவழுப்பும் வழுவும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களின் மாணவர் பலர் நாள்தோறும் தொடர்வண்டியில் கல்லூரி செல்கின்றனர். 1979இல் திறக்கப்பட்ட திருவனந்தபுரம் – கன்னியாகுமரி இருப்புப்பாதை அவ்வூர்கள் வழியாகவே செல்கிறது. அவ்வண்டியின் சக்கரத்தை அச்சோடு பிணைத்திருப்பது எது? பற்றவைப்பும் அன்று, போல்ட்டும் அன்று. அச்சின் விட்டத்தைவிடச் சக்கரத்தின் துளை சற்றே சிறிதாகக் கடையப்பட்டு, பேரழுத்தத்தால் அச்சின்மேல் ஏற்றப்படுகிறது. ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் விட்டத்திற்கு வேறுபாடு 0.2 மில்லிமீட்டர் அளவே. இந்த இறுக்கத்தை நம்பியே அத்தனை பேரும் ஏறி அமர்கின்றனர்.

இவ்வளவு பொறுப்புள்ள இறுக்கப் பொருத்தத்தை நம் பொறியியல் வகுப்பறைகள் எவ்வாறு கற்பிக்கின்றன? 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் லாமேயின் தடித்த உருளைச் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதி, விட்டங்களைக் கொடுத்து, அழுத்தத்தைக் கணக்கிடச் சொல்கின்றன. அக்கணக்கில் வரும் உருளைகள் கண்ணாடியினும் வழுவழுப்பானவை. அத்தகைய உருளையை எந்தக் கடைசல் பட்டறையும் செய்ததில்லை.

உண்மையான உலோகப் பரப்பு மேடும் பள்ளமுமானது. இரு பரப்புகள் நெருக்குண்ணும்போது மேடுகளின் முனைகள் நசுங்குகின்றன. அளவுகருவி காட்டிய இறுக்கத்தில் ஒரு பகுதி அங்கேயே கரைந்துபோகிறது. டி.ஐ.என். 7190 என்னும் ஜெர்மானியத் தரநிலை இதற்கு எளிய விதியொன்றைத் தருகிறது: இரு பரப்புகளின் மேடுபள்ள உயரங்களைக் கூட்டி, 0.8ஆல் பெருக்கி, அதை இறுக்கத்திலிருந்து கழிக்க வேண்டும். 50 மைக்ரான் இறுக்கமுள்ள பொருத்தத்தில் அச்சின் உயரம் 10 மைக்ரான், துளையின் உயரம் 15 மைக்ரான் என்க. இழப்பு 20 மைக்ரான், எஞ்சுவது 30. தொடர்பு அழுத்தம் இறுக்கத்தோடு நேர்விகிதத்தில் மாறுவதால் வலிமையில் ஐந்தில் இரு பங்கு போயிற்று. விடைத்தாளில் முழு மதிப்பெண் பெறும் மாணவன் பட்டறையில் தோற்கும் இடம் இதுவே.

‘சொரசொரப்பாக இருந்தால்தானே நன்கு பிடிக்கும்?’ என்போரும் உளர். பாதி உண்மை பொய்யினும் தீயது. வெளிப்பகுதியைச் சூடாக்கி விரித்துப் பொருத்திக் குளிரவிட்டால் மேடுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு உராய்வு கூடலாம். மரச்சக்கரத்திற்கு இரும்புப் பட்டையைக் காய்ச்சிப் பூட்டிய கொல்லர் கையாண்டதும் இவ்வழியே. அழுத்தி ஏற்றும்போதோ மேடுகள் உழப்பட்டுச் சிதைகின்றன; கழற்றி மீண்டும் பொருத்தினால் இறுக்கம் முன்போல் வாராது. அதற்காக அளவுமீறி மெருகேற்றுவதும் தீர்வன்று. மசகு தங்க இடமின்றி எஃகும் எஃகும் ஒட்டிக் கிழியக்கூடும். ஆகவே கேட்க வேண்டியது ‘சொரசொரப்பா, வழுவழுப்பா’ என்பதன்று. ‘எவ்வளவு, எவ்வகை, எந்த முறையில் ஏற்றுவதற்கு’ என்பதே.

இங்கே சொல்லும் குற்றவாளியாகிறது. பரப்பின் சராசரி விலக்கமும் (ஆர்.ஏ.) மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையிலான உயரமும் (ஆர்.இசட்.) வெவ்வேறு அளவுகள். கூரிய முனைகள் நிறைந்த பரப்பும் ஆழ்ந்த கீறல்கள் நிறைந்த பரப்பும் ஒரே சராசரியைக் காட்டலாம்; முன்னதே பெரிதும் நசுங்கும். நாமோ இரண்டையும் ‘சொரசொரப்பு’ என்ற ஒரே சொல்லில் அடக்கி அமைதி கொள்கிறோம். தமிழில் வெள்ளம் என்றால் பெருக்கு, மலையாளத்தில் தண்ணீர். கேட்பவர் யார் என்றறிந்து பொருள் கொள்ளப் பாறசாலைச் சிறுவனுக்குத் தெரியும். அந்தத் தெளிவு கலைச்சொல் வகுப்போரிடம் இல்லாதது வெட்கக்கேடு.

தொடக்கநிலை மாணவர்க்கு எளிமை வேண்டும் என்பது வழக்கமான மறுமொழி. ஒரு கூட்டல், ஒரு பெருக்கல், ஒரு கழித்தல் – இதில் கடுமை எங்கே? எளிமை என்ற பெயரில் விடப்படுவது, பொருத்தம் நிலைக்குமா நழுவுமா என்பதைத் தீர்மானிக்கும் எண். இறுக்கப் பொருத்தம் பற்றிய ஒவ்வொரு தேர்வு வினாவும் இரு பரப்புகளின் உயரங்களையும், பொருத்தும் முறையையும் தரட்டும். அவற்றைத் தராத வினாவே வழுவுடையது. அதற்கு மாணவன் எழுதும் எந்த விடையும் சரியாகாது.