பாறுக் கழுகுகளின் வீழ்ச்சியும் வெறிநாய்க்கடி நோயும்: கணித மாதிரிகள் கூறுவது என்ன?

நாய்க்கடிக்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வருவோர் பலருக்கும், மாடுகளுக்குப் போடப்பட்ட வலிநிவாரணி ஊசிக்கும் நாய்க்கடிக்கும் தொடர்பு உண்டு என்பது வியப்பளிக்கும். அத்தொடர்பைக் கணித மாதிரிகள் எவ்வாறு விளக்குகின்றன என்பதையும், அதனால் நீங்கள் செய்ய வேண்டியவை எவை என்பதையும் இப்பக்கம் எடுத்துரைக்கிறது.

கழுகுகள் ஏன் அழிந்தன?

1990-களில் இந்தியாவின் பாறுக் கழுகுகள் வேகமாக மறையத் தொடங்கின. வெண்முதுகுப் பாறுகளில் 99 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்தன. டைக்ளோஃபினாக் செலுத்தப்பட்ட கால்நடையின் இறைச்சியை உண்ட கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து இறக்கின்றன என்பதை 2004-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

மருந்து கலந்த உடல்கள் மிகச் சிலவாகவே இருக்க, இத்தனை பெரிய அழிவு எப்படி நேர்ந்தது? கணக்கை எளிமையாகச் செய்து பார்க்கலாம். ஒரு கழுகு மூன்று நாள்களுக்கு ஒருமுறை உண்பதாகக் கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 120 முறை உண்ணும். 200 உடல்களில் ஒன்றில் மட்டும் நஞ்சு இருந்தாலும், 100 கழுகுகளில் சுமார் 45 அவ்வாண்டிலேயே இறந்துவிடும். ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டையிடும் பறவையால் இவ்விழப்பை ஈடுசெய்ய இயலாது. 2004-இல் வெளியான விரிவான மாதிரியும், 0.8 விழுக்காட்டுக்கும் குறைவான உடல்களில் மருந்து இருந்தாலே இவ்வீழ்ச்சி நேரும் என்று காட்டியது.

மனிதருக்கு நேர்ந்த பாதிப்பு

கழுகுகள் உண்ணாது விட்ட உடல்கள் தெருநாய்களுக்கு உணவாயின. 1992 முதல் 2006 வரையிலான காலத்தைக் கணக்கிட்ட ஓர் ஆய்வு, இதனால் நாய்கள் ஏறத்தாழ 55 லட்சம் பெருகின என்றும், 3.8 கோடிக்கும் மேற்பட்ட நாய்க்கடிகளும் 47,000-க்கும் மேற்பட்ட வெறிநாய்க்கடி இறப்புகளும் கூடுதலாக நேர்ந்தன என்றும் மதிப்பிட்டது. 2024-இல் வெளியான மற்றோர் ஆய்வு, கழுகுகள் மிகுதியாக வாழ்ந்த மாவட்டங்களைப் பிற மாவட்டங்களோடு ஒப்பிட்டது. நீர் மாசு உள்ளிட்ட எல்லாக் காரணங்களாலும் 2000 முதல் 2005 வரை சுமார் 5 லட்சம் கூடுதல் இறப்புகள் நேர்ந்ததாக அது மதிப்பிட்டது.

இவை ஒவ்வொன்றாக எண்ணப்பட்ட இறப்புகள் அல்ல. சில அனுமானங்களின் மேல் கட்டப்பட்ட மதிப்பீடுகள். அனுமானம் மாறினால் எண்ணும் மாறும். ஆயினும் அவை காட்டும் திசை ஒன்றே.

அரசு எடுத்த நடவடிக்கைகள்

கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக் 2006-இல் தடை செய்யப்பட்டது. மனிதருக்கான பெரிய ஊசிக் குப்பிகள் மாடுகளுக்குப் பயன்படுத்தப்பட்டதால், 2015 முதல் ஒருவேளை அளவுக்குரிய 3 மி.லி. குப்பிகள் மட்டுமே அனுமதிக்கப்படுகின்றன. 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் இக்கட்டுப்பாட்டை உறுதி செய்தது. 2023-இல் கால்நடைகளுக்கான அசிக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபென் ஆகியவையும் தடை செய்யப்பட்டன. தமிழ்நாட்டில் பாறுக் கழுகுகள் இன்று முக்கியமாக நீலகிரியை ஒட்டிய மாயாறுப் பள்ளத்தாக்குப் பகுதியில் எஞ்சியுள்ளன.

நாய்களுக்கு ஏன் 70 விழுக்காடு தடுப்பூசி?

ஒரு வெறிநாய் சராசரியாக இரண்டுக்கும் குறைவான நாய்களுக்கே நோயைப் பரப்புகிறது. ஆகவே பாதி நாய்களுக்குத் தடுப்பூசி போட்டால் போதும் என்று தோன்றலாம். ஆனால், முகாம் முடிந்த பின்னும் குட்டிகள் பிறக்கின்றன. தடுப்பூசி பெற்ற நாய்கள் சில இறக்கின்றன. அவ்விடைவெளியையும் சேர்த்துக் கணக்கிட்டே 70 விழுக்காடு என்ற இலக்கு வகுக்கப்பட்டது. நாய்களைக் கொல்வதால் தடுப்பூசி பெற்றவையும் அழிந்து, அவ்விடத்தைத் தடுப்பூசி பெறாத நாய்கள் நிரப்பும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• கடித்த இடத்தை உடனே சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் பூசாதீர்கள்.

• அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செல்லுங்கள். தோலினுள் போடப்படும் தடுப்பூசிக்கு 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் வர வேண்டும். ஒரு தவணையையும் விடாதீர்கள். நோய்க்குறி தோன்றிய பின் உயிர் பிழைப்பது மிக அரிது.

• தோல் கிழிந்து இரத்தம் கசிந்திருந்தால், காயத்தைச் சுற்றிப் போடப்படும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். முன்பு தடுப்பூசி போட்டிருந்தால் மருத்துவரிடம் கூறுங்கள்.

• மருத்துவர் உங்களுக்கு எழுதித் தந்த டைக்ளோஃபினாக் மாத்திரையை இச்செய்தியைக் கண்டு நிறுத்த வேண்டியதில்லை. அதனைக் கால்நடைகளுக்குத் தராதீர்கள். கழுகுகளுக்குத் தீங்கற்ற மெலோக்சிகாம் குறித்துக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

• வலிநிவாரணி ஊசி போட்ட பின் இறந்த மாட்டைத் திறந்த வெளியில் போடாமல் ஆழமாகப் புதையுங்கள்.

200-இல் ஒன்று என்பது சிறு எண்ணாகத் தோன்றலாம். ஓர் இனத்தை அழிக்க அதுவே போதுமானதாயிற்று. ஆதலால் ஒரு வீட்டில் ஒரு மாட்டுக்குப் போடும் ஊசியும், ஒருவர் தவறவிடும் ஒரு தவணையும் சிறியவை அல்ல.